கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை... வராந்தாவில் தாய்!

"ஐயா, பால் வத்திப் போச்சு. ஏதாவது லேகியம் இருந்தா குடுங்க..."

2020-ம் வருஷம், ஜூலை மாதம். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். முகத்தில் துணி மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, வாசற்படிக்கு வெளியிலேயே நின்று கேட்டாள் அந்தப் பெண். பின்னால் பைக்கைப் பிடித்தபடி கணவர். ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார்கள்.

குழந்தை பிறந்து ஒன்பது நாள். எட்டு வாரம் முன்கூட்டியே பிறந்துவிட்டது. எடை 1 கிலோ 400 கிராம். முப்பத்தைந்து கிலோ மீட்டர் தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. தாயை ஐந்தாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் வீடு செஞ்சிப் பக்கம். பஸ் கிடையாது, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். பெற்ற அம்மாவால் வர முடியவில்லை. தையல் ஆறாத உடம்போடு பைக்கில் உட்கார்ந்து போய், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவாள். சில நாள் அதுவும் கிடையாது. "கேட்டுக்கு வெளியவே நில்லும்மா" என்று சொல்லிவிடுவார்களாம்.

நான் என்ன செய்தேன்? தண்ணீர்விட்டான் கிழங்குச் சூரணம் கொடுத்தேன். பாலில் பூண்டு வேகவைத்துச் சாப்பிடச் சொன்னேன். அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்துத் திரும்ப வந்தாள். பால் ஊறவில்லை. அப்போதுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாலைப் பீய்ச்சி எடுக்கிறாய் அம்மா?"

"காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. அதுவும் கட்டிக்கிட்டு வலிச்சாத்தான்..."

விஷயம் அங்கேதான் இருந்தது! மருந்தில் இல்லை. அந்த நாலு நாள் வீணானதற்கு நான்தான் பொறுப்பு. இந்தக் கட்டுரையை எழுத அதுவும் ஒரு காரணம்.

இறைத்த கிணறு ஊறும்

குழந்தை வாய் வைத்துச் சப்பும்போது, தாயின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு விதமான ஹார்மோன்களை விடுகிறது. ஒன்று புரோலாக்டின். இது பாலை உண்டாக்குகிறது. இன்னொன்று ஆக்ஸிடோசின். இது உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. மார்பில் பால் தேங்கியே கிடந்தால், "இனி வேண்டாம் போலிருக்கிறது" என்று உடம்பு உற்பத்தியைக் குறைத்துவிடும். இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்று நம் பெரியவர்கள் சொன்னது பாலுக்கும் பொருந்தும்.

ஆக்ஸிடோசினுக்கு இன்னொரு குணமும் உண்டு. தாய் பயந்தாலும், மிகவும் கலங்கினாலும் அது சரியாகச் சுரக்காது. குழந்தையைத் தொட்டால், அதன் அழுகுரலைக் கேட்டால், ஏன், அதன் வாசனை பட்ட துணியை முகர்ந்தால்கூடச் சுரக்கும். குழந்தையைக் காட்டாமல் வைத்துக்கொண்டு, "உனக்குப் பால் இல்லை" என்று தாயைக் குறை சொல்வது எத்தனை அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தக் குழந்தைகள் உள்ளே போகின்றன?

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. இவர்களில் மிகச் சிறியவர்களும், மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, கிருமித் தொற்று உள்ளவர்களும் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுகிறார்கள். ஒரகடம் வட்டாரத்து ஜனங்கள் இதற்காக வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்கோ, சிங்கப்பெருமாள்கோயில் வழியாகச் செங்கல்பட்டுக்கோ, இல்லாவிட்டால் நேரே சென்னை எழும்பூருக்கோ போகவேண்டியிருக்கிறது. நாலு பக்கமும் பெரிய ரோடுதான். ஆனால் 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்த பிறகு அந்த ரோடுகளில் பஸ் ஓடவில்லை. மாவட்டத்துக்குள் பஸ் மறுபடி ஓடியது செப்டம்பர் 1-ல்தான். ஜூன் 19 முதல் சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளில் இன்னும் கடுமையான ஊரடங்கு வேறு.

வடமாநிலத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த குடும்பங்களின் நிலைமை இன்னும் மோசம். பாஷை தெரியாது, உதவிக்கு ஆள் கிடையாது. நர்ஸ் சொல்வது தாய்க்குப் புரியாது. தாய் கேட்பது நர்ஸுக்குப் புரியாது.

அந்தத் தாயின் ஒரு நாள்

அவள் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பால் எடுப்பாள். கணவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்ததும் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார்கள். வழியில் போலீஸ் நிறுத்தும். டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்ட வேண்டும். அங்கே போனால் மரத்தடி. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. பக்கத்தில் டீக்கடை மூடிக் கிடக்கும். கக்கூசுக்குப் போக வழியில்லாததால் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். பால் ஊற வேண்டிய உடம்பு, தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறது!

மதியம் நர்ஸம்மா யாராவது மனமிரங்கிச் செல்போனில் குழந்தையை போட்டோ எடுத்துக் காட்டுவார்கள். "அந்த போட்டோவைப் பாத்துப் பாத்துத்தான் ஐயா உசிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புது வியாதி. அவர்களுக்கும் பயம். அவர்கள் வீட்டிலும் பச்சைக் குழந்தைகள் உண்டு. கூட்டத்தைக் குறைத்தால் தொற்று குறையும் என்று நினைத்தார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெரிய பிழை இருந்தது. தாயைப் 'பார்வையாளர்' என்று எண்ணிவிட்டார்கள். தாய் பார்வையாளர் அல்ல. அவளும் ஒரு மருந்து.

கொள்ளைநோய் கற்றுக்கொடுத்த பாடம்

கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில், 1978-ல் எட்கர் ரே என்ற குழந்தை டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். இன்குபேட்டர் போதவில்லை; ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள். கிருமி தொற்றி இறந்துகொண்டிருந்தன. குழந்தையைத் தாயின் வெறும் மார்பில், கங்காரு தன் குட்டியை வைத்திருப்பது போலக் கட்டிவிட்டார். தாயின் உடம்புச் சூடே குழந்தையைக் காத்தது. இதற்குத்தான் 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று பெயர்.

முன்பெல்லாம் குழந்தை ஓரளவு தேறிய பிறகுதான் இதைச் செய்வார்கள். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில், பிறந்த உடனேயே ஆரம்பித்துப் பார்த்தார்கள். இந்தியாவில் இது நடந்தது டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில். தாய்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டுவிட்டார்கள்! 1 கிலோவிலிருந்து 1 கிலோ 800 கிராமுக்குள் இருந்த 3,211 குழந்தைகள். வழக்கமான முறையில் முதல் 28 நாளில் இறந்தவை நூற்றுக்கு 15.7. உடனே தாயின் மார்பில் வைக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 12. அதாவது சாவு கால் பங்கு குறைந்தது. 2021-ல் வெளியான முடிவு இது.

அதே 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கைச் சொன்னது. தாயையும் சேயையும் பிரிக்காமல் கங்காரு பராமரிப்பை எல்லோருக்கும் கொடுத்தால் 1,25,000-க்கும் மேற்பட்ட சிசுக்களைக் காப்பாற்றலாம். தாயோடு சேர்த்து வைப்பதால் கொரோனா தொற்றி இறக்கக்கூடியவை 2,000-க்கும் குறைவு. எது பெரிய ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள்!

தாய்க்கே கொரோனா இருந்தாலும், மாஸ்க் போட்டுக் கையைச் சோப்பால் கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம் என்று 2020-லேயே அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. 2022 நவம்பரில் ஒரு படி மேலே போய், எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே ஆரம்பித்து, ஒரு நாளைக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை கங்காரு பராமரிப்பு தரலாம் என்று பரிந்துரைத்தது. ஆகவே, இனி எந்த நோய் வந்து ஊர் அடைத்தாலும், தாயை வெளியே நிறுத்துவது சரியல்ல என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கங்காரு பராமரிப்பு எப்படி?

டாக்டர், நர்ஸ் அனுமதித்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். தாய் முன்பக்கம் திறக்கும் சட்டையோ நைட்டியோ போட்டுக்கொண்டு, சாய்ந்தாற்போல் உட்கார வேண்டும். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், இடுப்புத் துணி மட்டும் போதும். இரண்டு மார்புக்கும் நடுவில், நிமிர்ந்த நிலையில், தோலோடு தோல் படும்படி வைக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, சற்றே நிமிர்ந்து இருக்கட்டும். மூக்கு அழுந்தக் கூடாது. கைகால் தவளை மாதிரி மடங்கியிருக்கட்டும். மேலே ஒரு பருத்திச் சேலையால் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள்.

தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம். "ஆம்பளை எப்படி?" என்று கேட்காதீர்கள். அப்பாவின் மார்பும் சூடுதான்.

பால் எடுப்பது ஒரு கலை

குழந்தை வாயால் குடிக்க முடியாதபோது, குழாய் வழியாக ஒரு மில்லி, இரண்டு மில்லி என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆகவே, "இத்தினி துளிதானே வருது" என்று தாய் அழ வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வரும் மஞ்சள் நிறச் சீம்பால், அந்தக் குழந்தைக்குக் கிடைக்கிற முதல் நோய் எதிர்ப்பு மருந்து. ஒரு சொட்டைக்கூடக் கொட்டிவிடக் கூடாது.

பிரசவமான ஆறு மணி நேரத்துக்குள் பீய்ச்ச ஆரம்பியுங்கள். நாளைக்கு எட்டு தடவை. ராத்திரியில் ஒரு தடவையாவது கட்டாயம். கையைச் சோப்பால் கழுவி, வெதுவெதுப்பான துணியால் மார்பில் ஒற்றடம் கொடுத்து, மெதுவாக நீவிவிடுங்கள். கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் அழுத்தி அழுத்தி விட வேண்டும். காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் புண்ணாகும், பால் வராது. பதினைந்து, இருபது நிமிஷம் ஆகும். குழந்தையின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே எடுங்கள். சிரிக்காதீர்கள், பலன் உண்டு.

கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள கிண்ணத்தில் பாலைப் பிடித்து, பெயரும் நேரமும் எழுதி ஒட்டிவிடுங்கள். வெளியே வைத்தால் நாலு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மே மாத வெயிலில் அதையும் நம்பாதீர்கள். ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக, ஐஸ் போட்ட பிளாஸ்க் நல்லது. தாய்ப்பாலை அடுப்பில் சுட வைக்கக் கூடாது.

எவ்வளவு முயன்றும் போதவில்லை என்றால், தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-லேயே இது ஆரம்பமானது. தமிழ்நாட்டிலும் அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் வந்துவிட்டது.

சித்த மருந்து: எது வேண்டும், எது கூடாது?

நான் சித்த வைத்தியன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு எங்கள் மருந்து எதுவும் வேண்டாம்.

உரை மருந்து வேண்டாம். வசம்பு வேண்டாம். சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். தேனில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்பையே முடக்கிவிடக்கூடும். மூக்கில், காதில் எண்ணெய் விடாதீர்கள். வளராத நுரையீரலுக்குச் சாம்பிராணிப் புகை ஆகாது. தொப்புளில் மஞ்சளோ சாம்பலோ வைக்காதீர்கள். கொரோனா நேரத்தில் பெரியவர்களுக்குக் கபசுரக் குடிநீரை அரசாங்கமே வீடு வீடாகக் கொடுத்தது. அதைப் பார்த்து, "புள்ளைக்கும் நாக்குல ரெண்டு சொட்டுத் தடவட்டுமா?" என்று ஒரு ஆயா கேட்டார். கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் வேலை தாயிடம்தான். சவுபாக்கிய சுண்டி லேகியம் பிரசவித்தவளுக்குப் பசியைத் தூண்டி, உடம்பைத் தேற்ற உதவும். 2015-ல் அரசு கொடுத்த குழந்தைகள் பரிசுப் பெட்டகத்திலேயே இதைச் சேர்த்திருந்தார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேட்காமல் சாப்பிடக் கூடாது. முருங்கைக்கீரை, பூண்டு, வெந்தயக் கஞ்சி, பாசிப்பருப்பு, அசைவம் சாப்பிடுபவர்களுக்குப் பால்சுறாப் புட்டு... இவை நல்ல பத்திய உணவு. ஆனால் "பச்சை உடம்பு, தண்ணி குடிக்காதே" என்று சொல்வது பத்தியம் அல்ல, தண்டனை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். மறுபடியும் சொல்கிறேன். பாலுக்கு இறைப்பதுதான் மருந்து, மற்றதெல்லாம் துணை.

தாயின் மனசு

குறைமாதத்தில் பெற்றவளைப் பார்த்து, "நீ ஷிஃப்டுக்குப் போனதாலதான்", "கிரகணத்துல வெளியே வந்தே" என்று பேசுபவர்கள் உண்டு. தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள். அவள் ஏற்கெனவே தன்னைத்தானே நூறு தடவை குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு இருந்தால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். மந்திரிக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வேலைக்குப் போகும் பெண்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு பிரசவத்துக்குச் சட்டப்படி 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. குறைமாதப் பிரசவமானால், டாக்டர் சான்றிதழோடு மேலும் ஒரு மாதம் கேட்கலாம். கான்ட்ராக்ட் வேலைதானே என்று விட்டுவிடாதீர்கள். ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் நோயுற்ற சிசுவுக்கு ஒரு வயது வரை சிகிச்சை இலவசம்.

வீட்டுக்கு வந்த பிறகு...

ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் பாதி வேலைதான் முடிந்தது.

* எடை 2 கிலோவுக்குக் குறைவாகவோ, 34 வாரத்துக்கு முன்னதாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே. வெளியே பார்க்கக் கண் நன்றாகத்தான் தெரியும். உள்ளே ரத்தக் குழாய் தாறுமாறாக வளர்ந்து பார்வையே போய்விடலாம். பஸ் இல்லை என்று தள்ளிப்போடுகிற விஷயம் அல்ல இது. காது கேட்கும் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

* தினமும் குளிப்பாட்ட வேண்டாம். துடைத்து விட்டால் போதும். கங்காரு முறையை வீட்டிலும் தொடருங்கள்.

* சளி, இருமல் உள்ளவர்கள் தூக்கக் கூடாது. யார் தொட்டாலும் முதலில் கை கழுவட்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

* பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு, மார்பு உள்ளே குழிவது, உடம்பு சில்லிட்டோ அனலாகவோ இருப்பது, உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள், வலிப்பு... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வைத்தியரிடம் வராதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்! நேரே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?

அன்றைக்கு மருந்து எதுவும் புதிதாகக் கொடுக்கவில்லை. என் மனைவி உள்ளே அழைத்துப் போய், கையால் பால் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். எட்டு வேளைக்கு நேரம் எழுதி, சுவரில் ஒட்டச் சொன்னேன். கணவரிடம், "நீ ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய், தாயை உள்ளே உட்கார வைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேள். மறுபடியும் கேள்" என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது இடம் கொடுத்தார்கள். பதினேழாம் நாள், முதல் முறையாகக் குழந்தையை அவள் மார்பில் வைத்தார்கள்.

"வச்ச உடனே ரவிக்கையெல்லாம் நனைஞ்சு போச்சு ஐயா!" என்று போனில் சொன்னாள். அழுகையா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

இருபத்தேழாம் நாள் வீடு வந்தார்கள். வந்த மறுநாளே கண் பரிசோதனைக்கும் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். போகிற வழியில் என் வாசலில் நின்று, "வைத்தியர் தாத்தா, கசப்பு மருந்து குடுக்காதீங்க!" என்று சத்தம் போட்டுவிட்டு ஓடுகிறான்.

கொடுக்க மாட்டேன். அவனுக்கு வேண்டிய மருந்தை அவன் அம்மாவே கொடுத்துவிட்டாள்.